பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரியாலைக்கு

குருநகர்க் கரையில் நிற்கிற வள்ளங்களில் எதையாவது பாருங்கள். பக்கத்தில் ஒரு பெயரும் பதிவு இலக்கமும் ஒட்டியிருக்கும். அந்த எழுத்துகளில் பெரும்பாலானவை கிறிஸ்ரினா வெட்டியவை. அவளுடைய ஸ்ரிக்கர் கடைக்கும் என்னுடைய தேத்தண்ணிக் கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் மறைப்பு. அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் என் மனுசன் சிமியோனைத் திட்டினால் அவளுக்குக் கேட்கும். அவளுக்குத்தான் கூடக் கேட்டிருக்கும்.

இதை எழுத உட்கார்ந்ததே கோபத்தில்தான். போன கிழமை ஒருத்தி என் கடையில் இருந்து றோல்ஸ் தின்றுகொண்டு, "அவளுக்கென்ன, அதிர்ஷ்டக்காரி, கரை முழுக்க அவளிட்டைத்தானே போகுது" என்றாள். அதிர்ஷ்டமாம்! வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு அவளுக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். விழுங்கினது இன்னும் செமிக்கவில்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்ரினாவுக்கு வயது நாற்பத்தைந்து. கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு அவள் மறுமொழி சொல்வதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ரவுணில், பட்டணத்தில், ஒரு விளம்பரப் பலகைக் கடையில் வேலைக்குப் போனாள். முதலாளி கனடாவுக்குப் போகும்போது பழைய வெட்டு மெசினையும் அதோடு சேர்ந்த கொம்பியூட்டரையும் அவளிடம் விட்டுவிட்டுப் போனார். அதைக் கொண்டுவந்து என் கடைக்குப் பக்கத்தில் வைத்தாள். வெட்டு மெசின் என்றால், நிற ஸ்ரிக்கர் சுருளை அதற்குள் விடவேண்டும். கொம்பியூட்டரில் வரைந்த கோட்டின் வழியே ஒரு சின்னக் கத்தி ஓடி வெட்டும். நிறம் ஸ்ரிக்கருடைய சொந்த நிறம், மேலே அடித்த மை இல்லை. ஆகவே உப்புத் தண்ணீரும் வெயிலும் அதை லேசில் தின்னாது.

அந்த மெசினின் வயர் தடிப்பானது, தலையில் ஊசி ஊசியாகக் கம்பிகள். அது போய்ச் சொருகுகிற ஓட்டை அந்தப் பழைய கொம்பியூட்டர்ப் பெட்டியின் முதுகில்தான் இருக்கிறது. இப்போது வருகிற லப்டொப்புகளில் இல்லை. நடுவில் போடுகிற மாற்று வயர் ஒன்றும் வாங்கிப் பார்த்தாள். மெசின் பாதி எழுத்தை வெட்டி, யோசித்து நின்று, மிச்சத்தைக் கோணலாக வெட்டியது. வயரைத் தூக்கி லாச்சிக்குள் எறிந்தாள். பெட்டி போனால் மெசினும் போச்சு, மெசின் போனால் கடையும் போச்சு. இதைப் பரிஸில் இருக்கிற அவளுடைய தம்பி றெஜிக்கு விளங்கப்படுத்த முடியாது.

"அக்கா, உந்தப் பழசைத் தூக்கி எறி. நான் நல்ல லப்டொப் ஒண்டு அனுப்பிவிடுறன்" என்பான் போனில்.

"அனுப்பு, தலைக்கு வைச்சுப் படுக்கிறன்" என்பாள் இவள்.

இப்படி இருக்கும்போதுதான் எமில்ராஜ் அண்ணை வந்தார். இரண்டு வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டி. மூன்றாவதாகப் புது வள்ளம் ஒன்று வாங்கியிருந்தார். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை பாதர் வந்து தீர்த்தம் தெளித்துக் கடலில் இறக்குவதாக ஏற்பாடு.

"பிள்ளை, புது வள்ளத்துக்கு யாகப்பரை ஒட்ட வேணும். குதிரையோடை, பெரிசா, ரெண்டு பக்கமும். வெறும் பேர் ஆருக்கு வேணும்?" என்றார்.

"செய்யலாம் அண்ணை."

"உன்ரை மெசின் இழுக்குமோ?"

"இழுக்கும்."

தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது, அவள் தெரியாமல் சொல்கிறாள் என்று. அதுவரை அவள் வெட்டியதெல்லாம் எழுத்தும் இலக்கமும்தான். எங்கள் கோயிலில் குதிரைமேல் இருக்கிற புனித யாகப்பரின் சுரூபத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து கொம்பியூட்டரில் போட்டாள். படத்தை நிறம் நிறமாகப் பிரித்து வெட்டுக் கோடாக மாற்ற வேண்டும். பட்டனை அமத்தினாள். திரை வெள்ளையாய்ப் போய் அப்படியே நின்றது. கடைசியில் மெமரி போதாது என்று ஒரு கட்டம் வந்து எல்லாம் மூடிக்கொண்டது. திரும்ப அமத்தினாள், திரும்பவும் அதே கதை. படத்தைச் சின்னதாக்கிப் போட்டால் யாகப்பரின் மூக்கும் வாயும் ஒன்றாய்ப் போயின.

எமில்ராஜ் அண்ணை இரண்டு நாளில் எட்டிப் பார்த்தார்.

"ஏலாட்டிச் சொல்லு பிள்ளை, கோவமில்லை. ரவுணிலை பிரின்ற் அடிக்கிற கடையிலை குடுத்தா அண்டைக்குப் பின்னேரமே தருவாங்கள்."

"பாதர் தண்ணி தெளிக்கேக்கை வள்ளத்திலை யாகப்பர் இருப்பார் அண்ணை. நீங்கள் போங்கோ."

அவர் போனதும் என் கடைக்கு வந்து வாங்கில் இருந்தாள். தேத்தண்ணியைக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"மேர்சி, எமில் அண்ணை அங்கை போனாரெண்டால் கரை முழுக்க அங்கைதான் போகும். பிறகு நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான்" என்றாள்.

பொய்யில்லை. எங்கள் கரை அப்படித்தான். சம்மாட்டி எந்த வலை வாங்கினாரோ அதைத்தான் மற்றவர்களும் வாங்குவார்கள். அந்தக் கடையைப் பூட்டினால் கிறிஸ்ரினா தம்பியின் காசில் சாப்பிட வேண்டும். அதைவிடக் கடலில் குதிப்பாள், எனக்குத் தெரியும்.

கொம்பியூட்டர் வேலை செய்யும்போது வேலைக்கான சாமானை எடுத்துப் பரப்பி வைக்கிற மேசையைப் போன்றது இந்த மெமரி. கடைக்காரர் றாம் என்பார்கள். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடிய பச்சைப் பட்டி, அதில் கறுப்புக் கறுப்பாய்ச் சிப்புகள். மேசை சின்னதென்றால் பெரிய படத்தை விரிக்க முடியாது. மேசையைப் பெரிதாக்கினால் போதும், பெட்டியை மாற்றத் தேவையில்லை. இவ்வளவையும் அவளே போனில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். தெரிந்ததும் றெஜிக்கு எடுத்து, லப்டொப் வேண்டாம், றாம் அனுப்பு என்றாள்.

அவன் பாசக்காரன், அதுதான் பிரச்சினை. திருவிழாவுக்கென்று பரிஸிலிருந்து வந்த ஒருவரிடம் இருக்கிறதிலேயே புதுசான, திறமான றாமை வாங்கிக் கொடுத்துவிட்டிருந்தான். பளபளவென்று ஒரு சின்ன உறைக்குள் இருந்தது. கிறிஸ்ரினா சொருகப் பார்த்தாள். பட்டியில் இருக்கிற வெட்டு ஓரிடத்தில், பெட்டிக்குள் அதில் பொருந்த வேண்டிய மொட்டு வேறிடத்தில். என் மனுசன் வள்ளங்களின் பின்னால் பூட்டுகிற வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிறவர். வந்து குனிந்து பார்த்துவிட்டு, "உது பெரிய வேலையே? அரத்தாலை ரெண்டு இழுவை இழுத்தா இறங்கும்" என்றார்.

"சிமியோன் அண்ணை, அரத்தோடை இஞ்சாலை வந்தியளெண்டால் நான் மனுசியாய் இருக்கமாட்டன்" என்றாள் கிறிஸ்ரினா. மனுசன் அரத்தோடு எஞ்சினுக்கே திரும்பிப் போனார்.

அடுத்தது எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலையை அவளும் செய்தாள். எஞ்சினுக்குப் பிளக் வேண்டுமென்றால், கயிற்றுக்குக் கொளுக்கி வேண்டுமென்றால், பழசைக் கழற்றி மாதிரிக்குக் கொண்டுபோவோம். கடைக்காரன் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுத்துத் தருவான். எழுத்து வாசிக்கிற பழக்கம் கிடையாது, கண்தான் அளவுகோல். அவளும் பெட்டியிலிருந்து பழைய றாம் ஒன்றைக் கழற்றிக்கொண்டு ரவுணுக்குப் போனாள். நீளம் சரி, வெட்டும் சரி, பட்டியில் எழுதியிருந்த வகையும் சரி. கடைக்காரரும் அளந்து பார்த்துத் தலையாட்டினார். வாங்கிக்கொண்டு வந்து சொருகினாள். டக்கென்று இறங்கியது. நான் கைகூடத் தட்டினேன். பெட்டியைப் போட்டால் திரை கறுப்பு. உள்ளே இருந்து நீளமாக மூன்று தரம் கூவியது. எடுத்துத் திரும்பப் போட்டாலும் அதே கூவல்தான்.

"அழுது முடி, கடையைப் பூட்டிப்போட்டு வா சாப்பிட" என்றேன்.

"ஆர் அழுதது?" என்று சீறினாள். கண் சிவந்துதான் இருந்தது.

அடுத்த நாள் ரவுணுக்கு அங்கால் இருக்கிற எங்கள் திருநெல்வேலிக்குப் போனாள். கம்பசுக்குக் கிட்ட ஆரபி என்று ஒரு பிள்ளை பெடியளின் கொம்பியூட்டர்களைத் திருத்துகிற கடை வைத்திருக்கிறாள். கிறிஸ்ரினா பெட்டியைத் திறந்து உள்ளே எல்லாம் பொருத்தியிருக்கிற பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஆரபி படத்தைப் பெருப்பித்து, பலகையில் அடித்திருந்த பெயரை வாசித்தாள். பிறகு ரவுணில் வாங்கிய புது றாமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இதிலை ஒரு பக்கம்தான் சிப் இருக்கு, பாருங்கோ. மொத்தம் எட்டு. புதுசுகளிலை ஒரு சிப்புக்குள்ளையே கனக்க அடைச்சு வைச்சிருப்பினம். உங்கடை பலகை பழசு. ஒரு சிப்பிலை அவ்வளவு இருந்தா அதுக்கு வாசிக்கத் தெரியாது. இதே அளவு மெமரியை ரெண்டு பக்கமும் பிரிச்சு, முன்னுக்கு எட்டு, பின்னுக்கு எட்டெண்டு போட்டது வேணும்."

"அப்ப அதைத் தாரும்."

"அது இப்ப வாறேல்லை அக்கா. ஆரும் பழைய பெட்டி வைச்சிருந்தால்தான்." கொஞ்சம் யோசித்தாள். "அரியாலையிலை பொன்னம்பலம் ஐயா எண்டு ஒராள். உங்கடை பலகைதான் அவரிட்டையும். அதிலை அப்பிடி ரெண்டு றாம் இருக்கு, நான்தான் தூசி தட்டிக் குடுத்தனான். ஆனா அவர் குடுக்கமாட்டார். அது அவற்றை மகள் படிச்ச கொம்பியூட்டர்."

வேறொருத்தி என்றால் அத்தோடு விட்டிருப்பாள். இவள் வந்ததும் வராததுமாய் அந்தக் கனத்த பெட்டியின் வயர்களையெல்லாம் கழற்றத் தொடங்கினாள்.

"எடி, என்ன செய்யிறாய்?"

"மாதிரி கொண்டுபோய் ஏமாந்தது போதும். இந்தமுறை பெட்டியையே கொண்டு போறன். அங்கையே போட்டுப் பார்த்துத்தான் வருவன். நீயும் வா, ஒருத்தியாலை தூக்கேலாது."

அந்த வெயிலில், கடையைச் சிமியோனிடம் விட்டுவிட்டு, போர்வையில் கட்டின பெட்டியோடு அரியாலை பஸ்ஸில் ஏறினோம். அவள் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொண்டக்டர் பார்த்துவிட்டு, "அக்கா, பிள்ளைக்கும் ஒரு ரிக்கற் எடுங்கோ" என்றான். பஸ்ஸே சிரித்தது. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது, யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

பொன்னம்பலம் ஐயா எழுபது தாண்டிய மனிதர், தனியாக இருக்கிறார். மகளும் பேரனும் கனடாவில். அவருடைய கொம்பியூட்டர், சாமி அறைக்குப் பக்கத்து அறையில், பின்னல் துணி போர்த்தி, நெற்றியில் சந்தனப் பொட்டோடு இருந்தது. கிறிஸ்ரினா சுற்றிவளைக்காமல் வந்த விசயத்தைச் சொன்னாள். ஐயாவின் முகம் இறுகியது.

"அது விக்கிற சாமான் இல்லை பிள்ளை. என்ரை மகள் உதிலைதான் படிச்சு ஆளானவள். கழட்ட விடமாட்டன்."

"விக்க வேண்டாம் ஐயா. மாத்துவம். உங்கடை றாம் எனக்கு, என்ரை றாம் உங்களுக்கு. நீங்கள் இதிலை என்ன பார்ப்பியள்?"

"என்னத்தைப் பார்க்கிறது? பேரன்ரை படங்கள், வீடியோக்கள். மகள் அனுப்புவா."

"அது என்ரை றாமிலையும் ஓடும்."

ஐயா அவளைக் கூர்ந்து பார்த்தார். "இப்ப ஓடுறமாதிரியே ஓடுமோ?"

இந்த இடத்தில் நான் என்றால் ஓம் என்று சொல்லியிருப்பேன். கூசாமல் சொல்லியிருப்பேன். அவள் சொல்லவில்லை.

"இல்லை ஐயா. தொடங்க நேரம் எடுக்கும். ஒரு வீடியோ திறந்தா மற்றதை மூட வேணும். பொய் சொல்லி வாங்கமாட்டன். எனக்கு இது இல்லாட்டிக் கடை இல்லை. அதுதான் கேக்கிறன்."

நான் அவளைக் காலால் இடித்தேன். கெடுத்துவிட்டாளே என்று. முற்றத்தில் ஒரு காகம் கத்தியது, ஐயா எழும்பிப் போய் அதைத் துரத்திவிட்டு வந்தார்.

"நேரம் எடுத்தா எடுக்கட்டும்" என்றார். "எனக்கு இஞ்சை என்ன அவசரம் பிள்ளை? போட்டுப் பாரும். உம்மடை பெட்டிக்குச் சரிவந்தால்தான் குடுப்பன்."

இரண்டு பெட்டியையும் நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தோம். ஐயாவின் றாம் இரண்டிலும் முன்னுக்கும் பின்னுக்கும் சிப் இருந்தது. எட்டும் எட்டும் என்று நானே எண்ணிப் பார்த்தேன். கிறிஸ்ரினா தன் பெட்டியில் சொருகி, ஐயாவின் திரையைக் கொழுவி, பட்டனை அமத்தினாள். கூவியது. அதே நாசமாய்ப்போன கூவல். மாதாவே என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் றாமைத் திரும்பக் கழற்றினாள். "ஐயா, அழிறப்பர் இருக்கோ?"

ஐயா லாச்சியைத் துழாவி ஒரு துண்டு கொடுத்தார். பட்டியின் விளிம்பில் வரிசையாக இருந்த பொன்னிறப் பற்களை, ஒவ்வொன்றாக, கறுப்புப் போகும்வரை தேய்த்தாள். ஊதினாள். சொருகினாள். இந்தமுறை கூவவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது. கொஞ்சத்தில் அவளுடைய கொம்பியூட்டர், அரியாலையில், சந்தனம் மணக்கிற அந்த அறையில் முழித்துக்கொண்டது. மெமரி எவ்வளவு என்று அவள் திறந்து பார்த்தாள். முன்பு இரண்டு ஜீபி என்று இருந்த இடத்தில் எட்டு ஜீபி என்று இருந்தது. ஐயாதான் முதலில் சிரித்தார்.

அவருடைய பெட்டிக்கு இவளுடைய பழசைப் போட்டாள். அது முழித்து வருவதற்குள் ஐயா எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பேரனின் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினார். பனியில் பொடியன் சறுக்கி விழுந்து எழும்பினான். ஓடியது, நிற்கவில்லை. போகும்போது ஐயா படலை வரைக்கும் வந்து, பெட்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தார்.

பிறகு கிறிஸ்ரினாவை இரண்டு நாள் யாரும் காணவில்லை. மெசின் சத்தம் மட்டும் தகரத்தால் வந்துகொண்டிருந்தது. சிவப்பு மேலங்கிக்கு ஒரு சுருள், பொன்னிறத்துக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று என்று நிறம் நிறமாக வெட்டி அடுக்கினாள். இரண்டு பக்கமும் குதிரை வள்ளத்தின் முன்பக்கம் பார்த்துத்தான் ஓட வேண்டும் என்று மற்றப் பக்கத்துக்கு மறுவளமாகத் திருப்பியும் வெட்டினாள்.

சனிக்கிழமை காலை அவள் பக்கத்துக்கு ஒன்றாகச் சுருட்டிய இரண்டு படத்தையும் தோளில் வைத்துக்கொண்டும், நான் தேத்தண்ணிக் கேத்திலோடும் கரைக்குப் போனால், எமில்ராஜ் அண்ணை அங்கே ரவுணில் அடித்த பிரின்ற்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் கேத்திலைத் தூக்கி எறிந்திருப்பேன்.

"நீ செய்வியோ மாட்டியோ எண்டு ஒரு யோசனை பிள்ளை. கோவிக்காதை" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

கிறிஸ்ரினா சுருளைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். இடப்பக்கத்துக்குப் பிரின்ற்றை ஒட்டினார்கள். பளிச்சென்று இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வலப்பக்கத்துக்கு மற்றதை வைத்துப் பார்த்தால் குதிரை பின்பக்கம் பார்த்து ஓடுகிறது. ரவுண்காரன் ஒரே படத்தை இரண்டு தரம் அடித்துக் கொடுத்திருக்கிறான்.

"சம்மாட்டி, யாகப்பர் கரைக்குத் திரும்பி ஓடுறார் போலை!" என்று யாரோ கத்த, கரை முழுக்கச் சிரித்தது. பாதரும் வந்துவிட்டார். எமில்ராஜ் அண்ணை வேறு வழியில்லாமல் கிறிஸ்ரினாவைப் பார்த்தார்.

"வலப்பக்கத்துக்கு உன்ரையை ஒட்டு பிள்ளை."

"இடப்பக்கத்துக்கும் வெட்டியிருக்கு."

"அது ஒட்டியாச்சு. இருக்கட்டும்."

அவள் வலப்பக்கத்தை ஒட்டினாள். மூலை மூலையாய்த் துணியால் அமத்தி, காற்றுக் குமிழ் ஒன்றும் இல்லாமல் ஒட்டினாள். மற்றச் சுருளைத் திரும்பத் தோளில் வைத்துக்கொண்டு வந்து அலுமாரிக்கு மேல் போட்டாள்.

அதற்குப் பிறகு கரையில் யாரும் படம் ஒட்ட அவளிடமும் வரவில்லை, ரவுணுக்கும் போகவில்லை. எல்லோரும் எமில்ராஜ் அண்ணையின் வள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்து வெட்டுகிற வேலை மட்டும் இடைக்கிடை வந்தது. றெஜி போன் எடுத்துப் பூட்டச் சொன்னான். அவள் பூட்டவில்லை. அந்த இடைவெளியில் பிள்ளையார் ஒருவரை வெட்டிக்கொண்டு போய்ப் பொன்னம்பலம் ஐயாவின் படலையில் ஒட்டிவிட்டு வந்தாள்.

மாரி வந்து போனது. நத்தார் முடிந்து பாலன் குடிலையும் பிரித்தாயிற்று. இடப்பக்கத்து யாகப்பரின் சிவப்பு மேலங்கி முதலில் றோசாவாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. குதிரை தொடக்கத்திலேயே வெள்ளை, அது வெள்ளை வள்ளத்தோடு வள்ளமாய்க் கலந்துவிட்டது. முகம் மட்டும் மங்கலாய் மிஞ்சியிருந்தது. வலப்பக்கத்து யாகப்பர் ஒட்டின அன்று இருந்தபடியே இருந்தார்.

"சம்மாட்டி, இடப்பக்கத்தாருக்கு விசா கிடைச்சிட்டுதோ?" என்று பெடியள் கேட்கத் தொடங்கினார்கள்.

ஒரு காலை எமில்ராஜ் அண்ணை என் கடையில் ஒன்றுக்கு இரண்டு தேத்தண்ணி குடித்தார். பிறகு எழும்பிப் பக்கத்துக் கடை வாசலில் போய் நின்றார்.

"பிள்ளை, இடப்பக்கத்துக்கும் ஒண்டு வெட்டித் தாவன்."

"வெட்டமாட்டன் அண்ணை."

அவருடைய முகம் விழுந்துவிட்டது. அவள் கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்து சுருளை எடுத்துத் தூசி தட்டினாள்.

"அண்டைக்கே வெட்டினது கிடக்கு. ஒட்டித் தாறன். ஆனா பழசை நீங்கள்தான் சுரண்ட வேணும். நான் தொடமாட்டன்."

இரண்டு வள்ளத்துச் சம்மாட்டி, இப்போது மூன்று, கரை பார்த்துக்கொண்டிருக்க, முழங்கால் தண்ணீரில் நின்று சுரண்டினார். குதிரையின் வாலில் தொடங்கினார். கால், வயிறு, மேலங்கி என்று வந்தார். முகத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. சிலுவை அடையாளம் போட்டார். திரும்பவும் கையைக் கொண்டுபோனார், முடியவில்லை.

"பிள்ளை, யாகப்பற்றை முகத்தை எப்பிடியடி சுரண்டுறது?" கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கிறிஸ்ரினா சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். அவர் கையிலிருந்த தகட்டை வாங்கினாள்.

"விடுங்கோ அண்ணை. முகத்தை விடுங்கோ. அதுக்கு மேலையே ஒட்டுறன்."

முகத்துக்கு மேல் முகத்தைச் சரியாக வைத்து, துணியால் மெல்ல அமத்தினாள். எமில்ராஜ் அண்ணை பின்னுக்குப் போய் நின்று பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு கரையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கக் கத்தினார்:

"டேய், என்ரை மற்ற ரெண்டு வள்ளத்தையும் இஞ்சாலை கொண்டு வாங்கோடா!"

அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் தங்கள் வள்ளத்தைத் திருப்பினார்கள். நான் கேத்தில் கொதித்து வழிவது தெரியாமல் நின்று அழுதேன். அவள் அழவில்லை. நனைந்த சட்டையோடு நேரே கடைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் தகரத்துக்கு அந்தப் பக்கம் மெசின் ஓடத் தொடங்கியது.